நாலாம் விரல்

பியானோ என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருவது பழைய சினிமாவில் வரும் பணக்காரர் வீடுதான். வளைந்து இறங்கும் மாடிப்படி. அதன் அடியில் ஒரு பியானோ. பியானோவின் மேல் ஒரு பூச்சாடி. கதாநாயகன் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் துழாவுவான். கை ஒரு பக்கம் போகும், நாதம் இன்னொரு பக்கம் போகும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. பியானோ அங்கே சங்கீதத்துக்காகவா வந்தது? இந்த வீட்டில் பணம் இருக்கிறது என்று நமக்குச் சொல்வதற்காக வந்தது.

ஆனால் சென்னைப் பட்டணத்தில் பியானோ வாசித்தவர்கள் எல்லாரும் மாடிப்படி வைத்த வீட்டுக்காரர்கள் அல்ல. மாதா கோயில்களிலும், கான்வென்டுகளிலும், பழைய கல்லூரிகளிலும், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் முன்னறைகளிலும் அது எத்தனையோ காலமாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிகல் என்ற வாத்தியக் கடை 1842-இல் தொடங்கியது. இளையராஜாவும் ஏ. ஆர். ரகுமானும் மேல்நாட்டு சங்கீதம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவரான தன்ராஜ் மாஸ்டரின் பெயரை சினிமா ரசிகர்கள் அறிவார்கள். நான் சொல்லப் போவது அப்படிப் பெயர் வாங்கியவர்களைப் பற்றி அல்ல. மூன்று வருஷம் கற்றுக்கொண்டு, பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பியானோவைத் தொடாமலே இருந்த ஒருத்தியைப் பற்றி. அவள் என் அக்கா.

2023 ஜனவரியில், அக்கா படித்த கல்லூரியில் ஒரு பியானோக் கச்சேரி நடந்தது. பெண்கள் கல்லூரி. அங்கே ஒரு பழைய பியானோ இருக்கிறது; சுவரோடு ஒட்டி நிற்கும் ஜாதி. அதைத் தள்ளிவிட்டு மின்சாரத்தில் வாசிக்கும் கீபோர்டு நாலைந்து வாங்கிப் போடலாம் என்று ஒரு யோசனை எழுந்திருக்கிறது. பழைய மாணவிகள் சிலர் மறித்தார்கள். 'ரிப்பேருக்கு நாங்கள் பணம் சேர்த்துத் தருகிறோம்' என்றார்கள். அதற்காகத்தான் கச்சேரி. அதில் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். ஒவ்வொரு உருப்படியையும் ஒரு பழைய மாணவியும் இப்போது படிக்கும் மாணவி ஒருத்தியும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு கைகளால் வாசிக்க வேண்டும்.

ரிப்பேர் என்பது லேசான காரியம் இல்லை. பியானோவில் 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. உள்ளே சுமார் 230 கம்பிகள். அத்தனை கம்பிகளையும் முறுக்கிக் கட்டியிருக்கும் விசையைக் கூட்டினால் 18 டன், 20 டன் என்று வரும். அதைத் தாங்குவதற்கு வார்ப்பிரும்புச் சட்டம். கட்டையை அழுத்தினால் கம்பளித் துணி போர்த்திய சின்னச் சுத்தியல் ஒன்று எழும்பிக் கம்பியைத் தட்டும். நம் ஊர்க் கடல் காற்று கம்பியைத் துருவாக்கும். மழைக் காலத்து ஈரம் மரத்தை ஊத வைக்கும். அழுத்திய கட்டை மேலே எழும்பாது. கம்பளியைப் பூச்சி அரிக்கும். இந்தக் கல்லூரியில் பியானோவின் வயிற்றுக்குள் ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டு, ஈரம் அண்டாமல் இரவும் பகலும் எரியவிட்டிருந்தார்களாம். எங்கள் ஊர்க் கோயில் அணையா விளக்கு மாதிரி என்று அக்கா சொல்லுவாள்.

எங்களுக்கு மன்னார்குடி. அம்மாவுக்குக் கொஞ்சம் வீணை தெரியும். அக்கா 1986-இல் பட்டணத்துக்குப் படிக்க வந்தாள். சாயங்காலத்தில் பியானோ வகுப்பு உண்டு, விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்று அறிக்கைப் பலகையில் பார்த்துவிட்டுச் சேர்ந்திருக்கிறாள். அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். 'அதையும்தான் பார்த்துவிடேன்' என்று அப்பா பதில் போட்டார். மூன்று வருஷம் பார்த்தாள். பிறகு கல்யாணம், திருச்சி, இரண்டு குழந்தைகள். பியானோ வாசிக்காதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அத்திம்பேர் சாது, சங்கீதம் கேட்பவர். வீட்டில் பியானோ இல்லை, அவ்வளவுதான். வீணை என்றால் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்துவிடலாம். இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கிற வாத்தியம் புக்ககத்துக்குக் கூடவே வராது. அது கல்லூரியிலேயே நின்றுவிட்டது.

நான் கல்லூரியில் இரண்டே வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். பழைய மாணவர் கூட்டம் எதுவும் என்னைக் கூப்பிடுவதில்லை. ஆகவே அக்காவுக்கு அழைப்பு வந்தபோது எனக்குத்தான் உற்சாகம் அதிகம். அவள் தயங்கினாள். காரணம் அவளுடைய வலது கையின் மோதிர விரல். சில வருஷங்களுக்கு முன்னால் கதவிடுக்கில் நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது, மூட்டில் இறுக்கம் மட்டும் போகவில்லை.

அந்த விரல் சாதாரணமாகவே மக்கு விரல். நம்பாவிட்டால் நீங்களே பரீட்சை செய்து பார்க்கலாம். உள்ளங்கை கீழே இருக்கும்படி கையை மேஜைமேல் வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது கட்டை விரலைத் தூக்கலாம், ஆள்காட்டி விரலைத் தூக்கலாம், சுண்டு விரலைக்கூடத் தூக்கலாம். மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். ஆணி அடித்தாற்போல அப்படியே கிடக்கும். அதன் நரம்பு அடுத்த விரல்களின் நரம்போடு பிணைந்து கிடப்பதால் தனியாக எழுந்திருக்க அதற்குச் சுதந்திரம் இல்லை. பியானோக்காரர்கள் கட்டை விரலை ஒன்று என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். அந்தக் கணக்கில் இது நாலாம் விரல். ராபர்ட் ஷூமன் என்ற ஜெர்மானியர் விரலைப் பலப்படுத்துகிறேன் என்று இயந்திரம் எல்லாம் வைத்துப் பழகியவர். 1830-களின் தொடக்கத்தில் வலது கை கெட்டுப் போய், வாசிப்பதை விட்டுவிட்டுப் பாட்டு எழுதுவதில் இறங்கினார்.

எந்த விரலால் தட்டினால் என்ன, சத்தம் வந்தால் போதாதா என்று நான் அக்காவிடம் கேட்டதுண்டு. போதாது என்றாள். வீணையில் மீட்டிய பிறகும் கம்பியை இழுத்து ஸ்வரத்தை அசைக்கலாம், குழைக்கலாம். பியானோவில் தட்டியது தட்டியதுதான். சுத்தியல் கம்பியைத் தொட்டுவிட்டு அந்தக் கணமே விலகிவிடும். அதற்குப் பிறகு ஸ்வரத்தை நிறுத்தலாம், திருத்த முடியாது. ஆகையால் அத்தனை சாமர்த்தியமும் தட்டுவதற்கு முன்னால் இருக்க வேண்டும். எந்த விரல், எவ்வளவு பாரம், எப்போது என்பதெல்லாம் கட்டையைத் தொடும் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும்.

அதைத் தீர்மானித்துக் கொடுத்தவர் அவர்களுடைய டீச்சர். ஆங்கிலோ-இந்திய அம்மாள். மாணவிகளுக்கு 'மிஸ்'. கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. நகம் வளர்க்கக் கூடாது; வளையல்களைக் கழற்றிப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட வேண்டும். புஸ்தகத்தில் ஒவ்வொரு ஸ்வரத்தின் தலையிலும் பென்சிலால் விரல் எண் போடுவார். அந்த எண்ணை மீறக் கூடாது. நாலாம் விரலின் வேலையை மூன்றாம் விரல் செய்துவிட்டால், பின்னாலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். மிஸ் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன.

அக்காவுக்கு ஒதுக்கியது ஆன்டன் டயபெல்லி எழுதிய ஓர் உருப்படி. டயபெல்லி (1781–1858) வியன்னாவில் சங்கீதப் புஸ்தகங்கள் பதிப்பித்தவர். அவர் எழுதிய ஒரு சின்ன வால்ட்ஸ் மெட்டை வைத்துக்கொண்டு பீத்தோவன் 33 விதமாக விஸ்தாரம் செய்தார். அதனால் அவர் பெயர் நிலைத்தது. ஆனால் குழந்தைகளுக்கு அவர் வேறு உபகாரம் செய்திருக்கிறார். நான்கு கைகளுக்கு 28 சின்ன உருப்படிகள் எழுதினார். மாணவியின் பாகம் ஐந்தே ஸ்வரங்களுக்குள் முடிந்துவிடும். கையை நகர்த்தவே வேண்டாம். அலங்காரம், பக்கபலம் எல்லாம் பக்கத்தில் உட்காரும் டீச்சரின் பாகத்தில். கன்றுக்குட்டி ஐந்து அடி நடந்தால், சுற்றிலும் புல்வெளி இருப்பதாகத் தோன்றும்படி செய்துவிடுவார் மனிதர்.

ஐந்து ஸ்வரம், ஐந்து விரல். ஆளுக்கு ஒன்று. அக்காவின் உருப்படியில் வலது கைக்கு ச ரி க ம ப. நாலாம் விரலுக்கு மத்யமம். தப்பித்துக்கொள்ள வழி கிடையாது.

ஒத்திகைக்கு நான்தான் அவளைக் குரோம்பேட்டையிலிருந்து கூட்டிக்கொண்டு போவேன். ஜோடியாக உட்கார்ந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். டீச்சரின் பாகம் அவளுக்கு, மாணவியின் பாகம் அக்காவுக்கு. முதல் நாள் 'மேடம்' என்றாள். இரண்டாம் நாள் 'அக்கா' என்று வந்துவிட்டது. ஆனால் ச ரி க வரைக்கும் ஒழுங்காக வரும் சங்கீதம், 'ம'வில் ஒவ்வொரு தடவையும் நொண்டியது.

"அக்கா, அந்த இடத்துல மூணாவது விரலையே நகர்த்திப் போட்டுக்குங்களேன். யாருக்குத் தெரியப் போறது?" என்றாள் அந்தப் பெண்.

"மிஸ்ஸுக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. மங்கிப் போயிருந்த பென்சில் 4-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மிஸ் இரண்டு தரம் வட்டம் போட்டிருந்தார். "எனக்கு வேண்டாம்மா. நீ வேற யாரையாவது ஜோடி சேர்த்துக்கோ" என்று எழுந்தும் விட்டாள்.

அந்தப் பெண் சாமர்த்தியசாலி. சமாதானம் சொல்லவில்லை. புஸ்தகத்தை எடுத்து ஏழெட்டுப் பக்கம் தள்ளித் திருப்பி, அக்காவின் முன்னால் வைத்தாள். அங்கேயும் அதே பென்சில். ஓர் இடத்தில் 4 அடித்துவிட்டு 3 போட்டிருந்தது. ஓரத்தில் எவளோ ஒரு மாணவியின் பெயரின் முதல் எழுத்து. அதன் கீழே ஆங்கிலத்தில், 'சரியாகும் வரை' என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.

அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "யாருடா இவ? எனக்கு ஒரு நாள்கூட விட்டுக் கொடுத்ததில்லை மிஸ்" என்றாள் என்னிடம். ஐம்பத்தைந்து வயசில் அந்த முகத்தில் வந்த பொறாமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அது தானாகவே கரைந்தது. பென்சிலை வாங்கி, 4-ஐ அழிக்காமல், அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு 3 போட்டாள்.

கச்சேரியன்று கூடம் நிறைந்திருந்தது. கடைசி உருப்படியாக ஷூபர்ட்டின் எஃப் மைனர் ஃபான்டஸியை வாசித்தார்கள். ஷூபர்ட் 1828-இல் அதை எழுதி, தன்னிடம் பியானோ கற்ற கரோலின் எஸ்டர்ஹாஸி என்ற சீமாட்டிக்குச் சமர்ப்பணம் செய்தார். அதே வருஷம் நவம்பரில், முப்பத்தொன்றாம் வயதில் இறந்து போனார். அதைக் கேட்டுச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்காவின் முறை அதற்கு வெகு முன்னாலேயே, குழந்தைகள் பாடம் மாதிரி, இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அந்த இரண்டு நிமிஷத்தில் நடந்தது ஒன்று உண்டு. முதல் தடவை மூன்றாம் விரலால் பிசகில்லாமல் வாசித்தாள். திரும்ப வாசிக்கும்போது, கடைசி வரியில், என்ன தோன்றிற்றோ, நாலாம் விரலைப் போட்டுவிட்டாள். விரல் உடனே எழும்பவில்லை. மத்யமம் அரைக்கால் மாத்திரை பின்தங்கிற்று. ஒத்திகைகளில் உட்கார்ந்து பழகிய என் காதுக்கு அது தெரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் நான் பயந்தபடி ஒன்றும் கலையவில்லை. பக்கத்தில் இருந்த அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் கட்டைகளுக்கு மேலே அப்படியே நிறுத்தி, காத்துக்கொண்டாள். 'ம' வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினார்கள். கேட்டவர்களுக்கு அது முடிவுக்கு முன்னால் வேண்டுமென்றே கொடுத்த ஒரு சின்ன இழுப்பாகத்தான் இருந்திருக்கும்.

டீச்சரின் பாகம் என்று டயபெல்லி எழுதி வைத்ததில் இந்தக் காத்திருப்பும் சேர்த்திதான் என்று எனக்குப் பட்டது. அதை எந்தக் குறியிலும் எழுத முடியாது. மிஸ்ஸுக்கு அது தெரிந்திருந்தது என்பதற்கு ஓரத்தில் கிடந்த அந்தப் பொடி எழுத்து சாட்சி. மிஸ்ஸைப் பார்த்தே இராத ஒரு பெண்ணுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது? மிஸ்ஸிடம் கற்ற ஒருத்தி இவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். வேறு வழியில் இது வருவதில்லை. கீபோர்டு வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாக வாங்கலாம். பெஞ்சை மட்டும் இரண்டு பேர் உட்காரும் அகலத்தில் வாங்க வேண்டும்.

திரும்பி வரும்போது ரயிலில், "மூணாவது விரல்தான் சௌகரியமா இருந்துதே, ஏன் மாத்தினே?" என்று கேட்டேன்.

"சரியாகும் வரைன்னுதானே எழுதியிருக்கா. விட்டுடுன்னு எழுதலையே" என்றாள்.

இப்போதும் அவள் வீட்டில் பியானோ கிடையாது. ஆனால் காலையில் போனால் பார்க்கலாம்: குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் வலது கையை வைத்துக்கொண்டு, நாலாம் விரலை மட்டும் தூக்கித் தூக்கி இறக்குவாள். இரண்டாம் விசிலுக்குள் இருபது தடவை என்று கணக்கு. போன வாரம் பதினேழு வந்தது.