சுவர் இருந்தால்தான் சித்திரம்

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்று பெரியவர்கள் சொல்வது உடம்பைப் பற்றி. இருமினால் சொல்வார்கள், இரவில் கண் விழித்து எழுதினாலும் சொல்வார்கள். நானும் எத்தனையோ வருஷமாகக் கேட்டு வந்திருக்கிறேன். அது நிஜமான சுவருக்கும் பொருந்துகிற பழமொழி என்பது மட்டும் எனக்குப் போன மழைக்காலம் வரையில் தோன்றவில்லை.

கிராமத்து வீட்டை விற்றுவிட்டு அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்தோம். வயது 84. வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே குறை. "எல்லாம் சௌகரியமாத்தான் இருக்கு. ஒரு திண்ணைதான் இல்லை" என்பாள். நாலாவது மாடியில் திண்ணைக்கு எங்கே போவது?

என்னிடம் பழைய படம் ஒன்று இருந்தது. 1971-ல் எடுத்தது, போஸ்ட் கார்டைவிடச் சற்றுப் பெரியது. வாசல் திண்ணையில் அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கையில் விசிறி. அதை ஹால் சுவர் முழுவதும், ஒன்பது அடி அகலத்துக்குப் பெரிதாக்கி ஒட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. எதன்மேல் அச்சிடுவது, எதனால் ஒட்டுவது என்ற யோசனைதான் வருவதில்லை.

ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டே நாளில் வழவழவென்று பளபளக்கும் வினைல் தாளில் அச்சிட்டு, இரண்டு பையன்கள் வந்து ஒட்டிவிட்டுப் போனார்கள். வாடை நாலு நாள் மூக்கைத் துளைத்தது. பகலில் ஜன்னல் வெளிச்சம் பட்டு அப்பாவின் முகமே தெரியாது. விளக்கு வைத்த பிறகுதான் தெரியும். இருந்தாலும் அம்மா சாயங்கால வேளையில் நாற்காலியை அந்தச் சுவரோரம் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள். எனக்குப் பரம திருப்தி.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் காலை அம்மா கூப்பிட்டாள்.

"ஏண்டா, அப்பாவுக்கு நெஞ்சிலே கொப்பளம் மாதிரி வந்திருக்கே!"

வந்துதான் இருந்தது. ஒன்று இரண்டாயிற்று, ஓரங்கள் சுருண்டன. அம்மா தினமும் காலையில் எழுந்ததும் உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்தித் தடவிவிடுவாள். அப்பா கடைசி நாட்களில் நெஞ்சு வலியுடன் கிடந்தபோது இப்படித்தான் தடவிக் கொடுத்தாள். நான் பார்த்தும் பார்க்காதவன் போல் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன். திருக்கார்த்திகைக்கு முந்தின இரவு, படம் சுண்ணாம்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு தரையில் விழுந்தது.

கடைக்காரர், "சுவர் சரியில்லை, சார்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மை என்று பிற்பாடு தெரிந்தது. முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வழக்கு.

பிறகு ஒரு பெரியவரைப் பிடித்தேன். ஒரு காலத்தில் சினிமா பேனர் எழுதியவர். சாரத்தில் ஏறி, கட்டம் போட்டு, நாற்பது அடி உயரத்துக்கு முகம் எழுதிய கை. பிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை விழுங்கிவிட்டது. இப்போது மகனுடைய அச்சுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வந்து, படத்தைப் பார்க்கவே இல்லை. சுவரை உள்ளங்கையால் தேய்த்துக் கையை என்னிடம் நீட்டினார். வெள்ளை வெளேரென்று மாவு.

"டிஸ்டெம்பர். இது மேலே எதை ஒட்டினாலும் மாவைத்தான் பிடிக்கும்; சுவரைப் பிடிக்காது" என்றார்.

அப்புறம் ஒரு சதுர அடி பாலிதீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் பார்த்தால் தாளின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை! வினைல் என்பது மூச்சு விடாத பிளாஸ்டிக். சுவரிலிருந்து வரும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் அதற்கு அடியிலேயே தங்கிப் பசையை இளக்குகிறது. கொப்பளத்துக்குக் காரணம் அதுதான்.

சுருங்கியதற்குக் காரணம் வேறு. மலிவான வினைலைச் சூடான உருளைகளுக்கு நடுவே இழுத்துத் தேய்த்துத் தகடாக்குகிறார்கள். பூரி மாவைக் குழவியால் தேய்த்துவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்சம் உள்வாங்குகிறதல்லவா? அதே கதைதான், நாளாக ஆகச் சுருங்கும். உயர்ந்த ரகத்தை இழுப்பதில்லை. தோசை மாவு போல ஊற்றிக் காய வைக்கிறார்கள். அது சுருங்காது. ஆனால் சுமார் 50 மைக்ரான்தான் கனம் என்பதால், சுவரில் உள்ள மேடு பள்ளமெல்லாம் மேலே தெரியும். விலையும் பல மடங்கு. பிளெக்ஸ் என்றால் பாலியெஸ்டர் துணியின்மேல் பி.வி.சி. பூசியது, சட்டம் அடித்துத் தெருவில் நிறுத்துவதற்கு ஏற்றது, வீட்டுக்குள் வாடை தாங்காது.

"உங்க வீட்டுக்கு நெய்யாத துணிக் காகிதம்தான் சரி" என்றார் பெரியவர். மரக்கூழ் நாரும் பாலியெஸ்டர் நாரும் கலந்து செய்வது. ஈரம் பட்டால் மற்றக் காகிதம் போல் ஊதாது. ஆகையால் பசையைச் சுவரிலேயே தடவி ஒட்டலாம். மூச்சு விடும். என்றைக்காவது வேண்டாமென்றால் உலர்ந்தபடியே உரித்தும் எடுக்கலாம். மையிலும் பேதம் உண்டாம். ஸால்வென்ட் மை என்றால் ஒரு நாளாவது காற்றாட விட்டுத்தான் ஒட்ட வேண்டும். எனக்கு ஒட்டியவர்கள் விடவில்லை. 2008-ல் சந்தைக்கு வந்த லேடெக்ஸ் மை தண்ணீரில் கரைத்தது, சூட்டில் இறுகும், வாடை இல்லை. மேல் பூச்சு மங்கலாக இருக்க வேண்டும், பளபளப்புக் கூடாது.

இத்தனையும் சொல்லிவிட்டு, "எதை வாங்கினாலும் ஈரத்தை நிறுத்தாமல் ஒட்டாதீங்க" என்றார்.

எனக்குத் தஞ்சைப் பெரிய கோயில் ஞாபகம் வந்தது. 1010-ல் முடிந்த அந்தக் கோயிலில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அந்தச் சைத்ரிகர்கள் ஈரச் சுண்ணாம்பின் மேலேயே எழுதினார்கள். சுண்ணாம்பு காற்றைக் குடித்துக் கல்லாக இறுகும்போது வர்ணத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. அங்கே படம் வேறு, சுவர் வேறு அல்ல. அவர்கள் படத்துக்கு முன்னால் சுவரைச் செய்தார்கள். நான் சுவரை மறைக்கப் படத்தைத் தேடினேன்.

குளியலறைக் குழாயைச் சரி செய்து, பழைய பூச்சைச் சுரண்டி, புதிதாகப் பூசி ஆற விட்டு, பிரைமரும் எமல்ஷனும் அடித்து, அதையும் சில வாரம் காய விட்டோம். தை பிறந்து மாசியும் வந்துவிட்டது. அம்மா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அளவு விஷயத்தில் இன்னொரு சங்கடம். ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கான் செய்தால் 3,600 புள்ளி. அதை ஒன்பது அடிக்கு, அதாவது 108 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 33-தான் தேறும். கிட்டே போய்ப் பார்க்கிற சுவருக்குச் சுமார் நூறாவது வேண்டும். முதல் படத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியவரின் பேரன், கம்ப்யூட்டரே முகத்தைத் தெளிவாக்கிவிடும் என்று சொல்லி, செய்தும் காட்டினான். அற்புதமான முகம்! ஒரு சுருக்கமில்லை; புருவம் வில்லாக வளைந்திருந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"யாருடா இது?" என்றாள்.

அதோடு அந்த யோசனையைக் கைவிட்டேன். "அஞ்சு அடி போதும், சார். கொஞ்சம் மங்கலா இருந்தாலும் அவரா இருப்பார்" என்றார் பெரியவர். அங்குலத்துக்கு 60 புள்ளி. ஒன்பது அடி ஆசையில் நாலு அடியை விட்டுக் கொடுத்தேன்.

ஒட்டுகிற அன்று பெரியவரே வந்தார். தூக்குக் குண்டு விட்டு நேர்கோடு கிழித்து, இரண்டு பட்டைகளையும் ஓரத்தில் சற்று ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே கத்தி இழுப்பில் வெட்டினார். இணைப்பு முகத்தில் விழாமல் தூணின் ஓரமாக விழும்படி முன்பே கணக்குப் பார்த்திருந்தார். தேடினால்தான் தெரியும்.

அடுத்த ஐப்பசியும் வந்து போயிற்று. ஒரு கொப்பளம் கிடையாது. ஆனால் அம்மா இன்னமும் காலையில் எழுந்ததும் போய், அப்பாவின் நெஞ்சை உள்ளங்கையால் ஒரு தரம் தடவிவிட்டு வருகிறாள்.

"இப்போதுதான் நன்றாக ஒட்டியிருக்கிறதே, அம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியும்டா" என்றாள்.

அந்த இடத்தில் மட்டும் காகிதம் லேசாக அழுக்கேறியிருக்கிறது. துடைத்தால் போய்விடும் என்கிறார்கள். நான் துடைக்கவில்லை.