தலையில் ஒட்டிய சட்டி

2013-ல் மரீனா பே ஆர்ட்சயன்ஸ் மியூசியத்துல எகிப்து மம்மி கண்காட்சி போட்டிருந்தாங்க. அப்போதான் அப்பாவோட தலைத்திவசம் முடிஞ்சிருந்தது.

அப்பா காரியத்தன்னைக்கு, புளோக் கீழே, கொள்ளிக்குடம் ரெண்டாவது சுத்துலேயே என் தோளிலிருந்து நழுவி உடைஞ்சிருச்சு. "என்ன குறை வெச்சானோ"ன்னு யாரோ முணுமுணுத்தாங்க. மண்டாயில் அஸ்தி வாங்கும்போதும் அதே சத்தம்தான் காதுல. கோவில் தொண்டுக்குத் திரும்பினேன், குடத்தை மட்டும் தொடலை.

கண்காட்சியில் இருந்தவர் பேரு நெஸ்பெரென்னுப். சுமார் 2800 வருஷத்துக்கு முன்னாடி, கர்னாக்கில் கோன்சு என்ற சந்திரக் கடவுளுக்குத் தீர்த்தம் வார்த்த பூசாரி. (அங்கேயும் தினமும் சுவாமிக்கு வஸ்திரம் மாத்தி, படையல் வெச்சு, அப்புறம் அதைப் பூசாரிகள் பங்கிட்டுக்குவாங்களாம். நம்ம பிரசாதம் மாதிரியேதான்!) ஸ்கேன் பண்ணிப் பார்த்தா, கட்டுக்குள்ளே தலையில் ஒரு மண்சட்டி! உடலைப் பதப்படுத்தினப்போ பிசின் வடியாம இருக்க வெச்ச சட்டி ஒட்டிக்கிச்சாம். பிரிக்க முடியாம அப்படியே துணி சுத்திட்டாங்க போல. அவர் பிள்ளைங்ககிட்ட யாராவது சொல்லியிருப்பாங்களா?

ரொம்ப நேரம் அங்கேயே நின்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோவிலில் அபிஷேகத்துக்குத் தண்ணிக்குடம் தூக்கினேன். கை நடுங்கத்தான் செஞ்சது.