முன்குறியில் நிலைத்த பார்வை

சேலம், நாமக்கல் சமவெளியில் கைத்தொழில் செய்வோர் பலர் ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் பழக்கம் உடையவர்கள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சர் பலகையைக் கண்ணருகே உயர்த்தி அதன் விளிம்பை நோக்குவார். கொத்தனார் நூலோடு கண்ணைப் பொருத்தி, வரிசையினின்றும் பிதுங்கிய செங்கல்லைக் கண்டுவிடுவார். அருகிலுள்ள புள்ளி, தொலைவிலுள்ள புள்ளி, காணும் கண் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் அமைந்தால் கோணல் தானே வெளிப்படும். கைத்துப்பாக்கியில் குறிபார்க்கும் கலையும் இந்த எளிய உண்மையின்மேல்தான் நிற்கிறது.

இரும்புக் குறி

ஒலிம்பிக்கில் நடைபெறும் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வீரர் நின்றபடி ஒரே கையால் சுட வேண்டும். தகுதிச்சுற்றில் 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுடுவர். இலக்கின் பத்தாம் வளையம் 11.5 மில்லிமீட்டர் விட்டமே உடையது. உருப்பெருக்கும் கண்ணாடியையோ ஒளிப்புள்ளி காட்டும் கருவியையோ துப்பாக்கியில் பொருத்த விதி இடந்தராது. குழலின் பின்புறம் பிளவுடைய ஒரு தகடு. முன்புறம் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு முனை. இவ்விரண்டுமே வீரருக்குத் துணை. இவற்றையே இரும்புக் குறி என்பர்.

பின்குறியின் பிளவுக்குள் முன்குறி தெரிய வேண்டும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன்குறியின் இருபுறமும் ஒளி சமமாகத் தோன்ற வேண்டும். ஆனால் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காணும் ஆற்றல் மனிதக் கண்ணுக்கு இல்லை. எனவே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். புதிதாகப் பயில்வோர் இலக்கையே உற்று நோக்குவர். தேர்ந்தவரோ முன்குறியில் பார்வையை நிறுத்தி, இலக்கு மங்கலாகத் தெரிவதைப் பொறுத்துக்கொள்வர்.

இதற்குக் கணக்கே சான்று. இரு குறிகளுக்கும் இடைப்பட்ட நீளம் 30 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். முன்குறி பிளவுக்குள் 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் விலகிப் பாயும். இலக்கின் கருவட்டத்தையே விட்டு வெளியேறிவிடும். குறிகள் சரியாக ஒன்றியிருக்க, கை முழுவதும் 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலோ, குண்டும் அந்த 1 மில்லிமீட்டரே விலகும். கையின் சிறு நடுக்கத்தைவிடக் குறிகளின் கோணலே பெருங்கேடு செய்கிறது.

கருவியின் பிழையும் கையின் பிழையும்

குறியைத் திருத்தவும் வழிகள் உண்டு. முன்குறி ஒளிபட்டுப் பளபளத்தால் அதன் விளிம்பு கண்ணை ஏமாற்றும். ஆதலால் விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றுவது பழைய வழக்கம். பின்குறியைத் திருகாணிகளால் நகர்த்தலாம். குண்டு எத்திசையில் செல்ல வேண்டுமோ அத்திசையிலேயே பின்குறியை நகர்த்த வேண்டும்.

ஆயினும் ஒரு குண்டு தவறியவுடன் திருகாணியைத் தொடுவது அறிவுடைமை ஆகாது. ஐந்து முறையேனும் சுட்டுப் பார்க்க வேண்டும். துளைகள் நெருங்கித் திரண்டு, ஆனால் நடுவை விட்டு ஒதுங்கியிருந்தால் திருத்த வேண்டியது குறியை. அவை அங்குமிங்கும் சிதறியிருந்தால் திருத்த வேண்டியது பிடியையும் மூச்சையும் விசையை அழுத்தும் விரலையும். இவ்வேறுபாட்டை அறியாதவர் நாள்தோறும் திருகாணியைத் திருகிக்கொண்டே இருப்பர். பிழை மட்டும் அகலாது.

இருவர் காட்டிய வழி

அங்கேரி நாட்டுப் படைவீரர் கரோலி தகாச் 1938ஆம் ஆண்டு பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து, சுடும் வலக்கையில் படுகாயமுற்றார். அவர் இடக்கையால் முதலிலிருந்து பயின்று, 1948 இலண்டன், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிகளில் 25 மீட்டர் விரைவுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றின் நடுவில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி பழுதடைந்தது, இறுதிச்சுற்று கைநழுவியது. அவரே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றார்.

ஒருவர் இழந்தது கையை. மற்றவருக்குத் தவறியது கருவி. இருவரும் பழுது எங்கே உள்ளது என்பதைக் கண்டு, அதைச் சீர்செய்து மீண்டும் களத்தில் நின்றனர். பதக்கம் தொலைவில் மங்கலாகத் தெரியலாம். கைக்கெட்டிய தொலைவில் உள்ள அன்றன்றைய பயிற்சியோ தெளிவாகத் தெரிய வேண்டும்.