எந்தத் தேதியிலிருந்து?

நகராட்சி, பேரூராட்சி ஊழியர்களின் சர்வீஸ் வழக்குகளை வரிசையாகப் படித்தால் எல்லாமே ஒரு தேதியில் வந்து நிற்கின்றன. வேலைக்கு வந்த நாள், தொகுப்பூதியத்தில் சேர்த்த நாள், காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்த நாள், தகுதிகாண் பருவம் முடித்ததாகப் பணிப் பதிவேட்டில் (எஸ்.ஆர்.) எழுதிய நாள். முதல் நாளைத் தவிர வேறு எதுவும் ஊழியர் கையில் இல்லை. கோப்பு எந்த மேசையில் எத்தனை மாதம் கிடந்தது என்பதைப் பொறுத்து மற்ற நாட்கள் அமைகின்றன. சம்பளம், இன்கிரிமென்ட், பதவி உயர்வு, ஓய்வூதியம் எல்லாம் அந்த நாட்களைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. தருமபுரி நகராட்சியின் 33 வார்டுகளில் வேலை பார்ப்பவருக்கும் பென்னாகரம், பாலக்கோடு பேரூராட்சிகளில் வேலை பார்ப்பவருக்கும் இதே கணக்குதான்.

*

2006-ஐத் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

பிப்ரவரி 23: நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் அரசாணை 21. தொகுப்பூதியத்தில் மூன்று ஆண்டு முடித்த துப்புரவுப் பணியாளர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள்.

பிப்ரவரி 28: பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை 22. அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று பத்தாண்டு முடித்திருந்த தினக்கூலிகளை நிரந்தரப்படுத்த வழி செய்தது.

ஏப்ரல் 10: உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உமாதேவி வழக்கு. முறைப்படி தேர்வாகாமல் வந்தவர்கள் நிரந்தரப் பணியை உரிமையாகக் கேட்க முடியாது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், நீதிமன்ற உத்தரவின் துணை இல்லாமல், பத்தாண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவர்களை மட்டும் ஒரே ஒரு தடவை பரிசீலிக்கலாம் என்றது.

மே மாதம் சட்டமன்றத் தேர்தல்.

ஒன்றரை மாதத்துக்குள் ஒரு கதவு திறந்து, பாதி மூடிக்கொண்டது. அந்த நேரத்தில் பெயர்ப் பட்டியலை மேலே அனுப்பிவிட்ட ஊரில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். பட்டியல் தயாராகாத ஊரில் இருந்தவர்கள் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு ஊரிலும் வேலை ஒன்றுதான், ஆண்டுகளும் ஒன்றுதான்.

*

அரசாணை 21-இன் பலன் அரசாணை தேதியிலிருந்துதான். 2001-லோ 2002-லோ மூன்று ஆண்டை முடித்துவிட்டவர்கள், ‘முடித்த நாளிலிருந்தே கொடுங்கள்’ என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நான்கைந்து வருடத்துக்காக இத்தனை வழக்கா என்று கேட்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

தேதி தள்ளிப்போனால் இன்கிரிமென்ட் தள்ளிப்போகிறது. பத்தாம் ஆண்டில் வரவேண்டிய தேர்வு நிலை தள்ளிப்போகிறது. இருபதாம் ஆண்டுச் சிறப்பு நிலை தள்ளிப்போகிறது; சிலர் அதைப் பார்க்காமலே ரிட்டையர் ஆகிறார்கள். மேஸ்திரி பணியிடம் காலியாகும்போது பட்டியலில் பெயர் கீழே கிடக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய அடி, 2003 ஏப்ரல் 1 என்ற கோட்டில் விழுகிறது. அன்றிலிருந்து பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லாமல் போனது. பத்து சதவீதம் பிடித்தம் செய்யும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் வந்தது. 2002-இல் மூன்று ஆண்டை முடித்தவருக்கு அந்த நாளிலேயே உத்தரவு போட்டிருந்தால் அவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்திருப்பார். 2006 என்று எழுதியதால் அந்தப் பக்கம் போய்விட்டார்.

*

தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978, விதி 11. தினக்கூலி, தொகுப்பூதியக் காலத்தில் பாதியை ஓய்வூதியத்துக்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பாதிதான். முழு நாள் கூட்டியதற்கு அரை நாள் கணக்கு. அதுவும் 2003 ஏப்ரல் 1-க்கு முன் நிரந்தரமானவருக்கே. அதற்குப் பின் நிரந்தரமானவர்களுக்கும் இது பொருந்துமா என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வுகள் மாறி மாறித் தீர்ப்புச் சொல்லி, 2019 டிசம்பரில் முழு அமர்வு பொருந்தாது என்று முடித்தது.

விதியை அப்படியே வாசித்தால் அந்த முடிவுக்கு வரலாம் என்பது புரிகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தாமதம் அரசினுடையது. அதன் செலவு முழுவதும் ஊழியர் தலையில் விழுகிறது. தாமதித்தவருக்கு ஒரு பைசா நட்டமில்லை.

*

தருமபுரி மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் வேலை பார்த்த அம்மா ஒருவர், ஒரு துணிக்கடை கவரில் எல்லாவற்றையும் போட்டு என்னிடம் எடுத்து வந்தார். ஓரம் கிழிந்த அடையாள அட்டை, பிளாஸ்டிக் உறை மஞ்சளாகிப் போனது. இரண்டு பாஸ்புக். பி.எஃப். பிடித்தம் காட்டும் சீட்டு ஒன்று, எழுத்து பாதி அழிந்து ஆண்டு மட்டும் தெரிகிறது. கொரோனா நேரத்தில் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ், லேமினேட் செய்தது. கவரில் புதிதாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

முதல் ஐந்து வருடத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“அந்த வருசமெல்லாம் பஸ் ஸ்டாண்டு வார்டு பாத்தேங்கண்ணா. தெனம் கைநாட்டு வாங்கினாங்க. எந்த நோட்டுல வாங்கினாங்கன்னு தெரியல.”

அந்த நோட்டுதான் மஸ்டர் ரோல். அதில் பெயர் இருந்த தினக்கூலிகளின் (என்.எம்.ஆர்.) வழக்குகள் பாதி அங்கேயே தோற்கின்றன. 480 நாள் வேலை செய்தேன், பத்தாண்டு வேலை செய்தேன் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்; நிரூபிக்கும் காகிதம் எதிர்த்தரப்பின் பீரோவில் இருக்கிறது. பழைய பதிவேடுகள் கழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் மனுவில் ஒரு வரி வந்தால் போதும். பதிவேட்டைப் பாதுகாக்க வேண்டிய அலுவலகமே அது இல்லை என்று சொன்னால், ஊழியர் சொல்வதை உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. தொழிலாளர் நீதிமன்றங்களில் சில வழக்குகளில் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லா வழக்கிலும் இல்லை.

*

ரிட் போட வேண்டுமானால் சென்னை போக வேண்டும். மொரப்பூரில் ரயில் ஏறி, விடிகாலையில் இறங்கி, பாரிமுனையில் வக்கீல் ஆபீஸ் திறக்கும்வரை காத்திருந்து, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இரண்டு நாள் சம்பளம், வழிச்செலவு, ஃபீஸ். அதனால்தான் பத்துப் பேர் வேலை பார்த்த இடத்தில் நான்கு பேர் வழக்குப் போடுகிறார்கள், ஆறு பேர் அவர்களுக்கு வந்தால் நமக்கும் வரும் என்று இருந்துவிடுகிறார்கள்.

நால்வருக்கு வருகிறது. ஆறு பேருக்கு வருவதில்லை. உத்தரவு ‘மனுதாரர்களுக்கு மட்டும்’ என்று நடைமுறைக்கு வருகிறது.

உத்தரப் பிரதேச அரசு எதிர் அரவிந்த் குமார் ஸ்ரீவஸ்தவா (2014) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஒரே நிலையில் உள்ள ஊழியர்களில் சிலருக்கு ஒரு பலன் கிடைத்தால் மற்றவர்களுக்கும் கொடுப்பதே பொது விதி. அதே தீர்ப்பில் விலக்கும் உண்டு: காலம் கடத்திவிட்டு, மற்றவர் ஜெயித்த பிறகு எழுந்து வருபவர்களுக்குக் கிடையாது. அலுவலகங்கள் விதியை விட்டுவிட்டு விலக்கைப் பிடித்துக்கொள்கின்றன. சென்னை போகக் காசில்லாதவரையும் காலம் கடத்தியவர் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

*

சம்பள வழக்கும் சீனியாரிட்டி வழக்கும் வேறு வேறு. ஒரே மனுவில் இரண்டையும் கேட்டு இரண்டையும் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

சம்பளத்தைத் தப்பாக நிர்ணயித்திருந்தால் ஒவ்வொரு மாதமும் அந்தத் தப்பு புதிதாக நடக்கிறது. எனவே தாமதமாக வந்தாலும் கேட்கலாம். நிலுவை மட்டும் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கே கிடைக்கும். இந்திய அரசு எதிர் தர்செம் சிங் (2008) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அதே தீர்ப்பு சீனியாரிட்டிக்குக் கதவைச் சாத்துகிறது. அங்கே மூன்றாம் மனிதர்களின் உரிமை வந்துவிடுகிறது. பட்டியல் நிலைத்துப்போன பிறகு கலைக்க விடமாட்டார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர்களின் பணி நிபந்தனைகளிலும் முதுநிலையைத் திருத்தக் கேட்க மூன்று ஆண்டு வரம்பு இருக்கிறது.

அந்த மூன்றாம் மனிதர் யார்? பக்கத்து மேசைக்காரர். அல்லது பக்கத்து வார்டுக்காரர். சீனியாரிட்டி ரிட்டில் பாதிக்கப்படக்கூடியவர்களைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மனு நிற்காது. சம்பள வழக்கில் எதிரே நிற்பது அரசு. சீனியாரிட்டி வழக்கில் எதிரே நிற்பவர் காலையில் ஒன்றாக டீ குடித்தவர். அவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகிறது. பட்டியலைத் தப்பாகப் போட்ட அலுவலர் அதற்குள் மாற்றலாகி வேறு ஊரில் இருப்பார். இந்த வழக்குகளில் எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான். சங்கங்களே இதில் இரண்டாகப் பிளந்ததுண்டு.

*

‘மனுவை 12 வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்.’ உயர் நீதிமன்றத்தில் இந்த உத்தரவை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக ஊர் திரும்புகிறார்கள். 12 வாரத்தில் ‘பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது’ என்று கடிதம் வரும். மறுபடி ரிட். நம் மாநிலத்துப் புவியியல் மற்றும் சுரங்கத் துறையிலிருந்து போன ஒரு வழக்கில் (சி. ஜேக்கப், 2008) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக எச்சரித்திருக்கிறது: பழைய கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னதாலேயே அதற்குப் புது உயிர் வந்துவிடாது. அந்த உத்தரவை வெற்றி என்று யாரிடமும் சொல்லக் கூடாது.

*

மேல்மட்டத்திலும் தேதிச் சண்டைக்குக் குறைவில்லை. டி.என்.பி.எஸ்.சி. மூலம் வந்தவர்களுக்கு மதிப்பெண் தரவரிசைப்படி முதுநிலையா, இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் பெயர் வந்த வரிசைப்படியா என்ற வழக்கு பல ஆண்டு ஓடியது. சுழற்சியைக் காப்பாற்ற 2016-இல் அரசு சட்டமே இயற்றியது; அதன் 40-ஆம் பிரிவை 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் அவமதிப்பு வழக்குவரை போனது. முன்பே பதவி உயர்வு பெற்றவர்கள் கீழே இறங்கும் நிலை வந்தது.

*

சம வேலைக்குச் சம ஊதியம். 1982-இல் டெல்லி போலீஸ் டிரைவர் ரந்தீர் சிங் வழக்கில் வந்த சொல். 2016 அக்டோபர் 26-இல் பஞ்சாப் அரசு எதிர் ஜெகஜித் சிங் வழக்கில் அது தற்காலிக ஊழியர் வரை இறங்கியது: நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்தால், அந்த ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தையாவது கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2017 அக்டோபரில் இரண்டு அரசாணைகள். நிதித் துறையின் 303, ஊதியத் திருத்தம்: நிரந்தர ஊழியரின் கடைசிப் படி 15,700-இல் தொடங்குகிறது. தொழிலாளர் துறையின் 62, உள்ளாட்சிகளில் வேலை செய்வோருக்குக் குறைந்தபட்சக் கூலி. ஒரே தெருவின் இரு ஓரங்களைக் கூட்டும் இருவரில் ஒருவருக்கு 303, இன்னொருவருக்கு 62. அந்த 62-ஐயாவது முழுதாகக் கொடு என்பதே இன்றுவரை ஒப்பந்தத் தொழிலாளர் ஆர்ப்பாட்டங்களில் முதல் கோரிக்கை. கலெக்டர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் கூலி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு.

ஒப்பந்தக்காரரின் ஆளுக்குச் சீனியாரிட்டிப் பட்டியலே கிடையாது. ஒப்பந்தம் கைமாறும்போது அவர் மறுபடி புது ஆள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள், தனியார்மயத்தை எதிர்த்துக் கேட்டதன் உள்ளே இதுவும் இருந்தது. பல ஆண்டு உழைப்பை யாருடைய கணக்கில் எழுதுவது?

அதே 2025-இன் ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றத்தில் காசியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர்கள் வழக்கு (ஸ்ரீபால்). 1990-களின் கடைசியில் சேர்ந்தவர்கள், 2005-இல் வாய்மொழியாக நிறுத்தப்பட்டவர்கள். மீண்டும் வேலை, பாதிப் பின்சம்பளம், நிரந்தரப்படுத்தும் நடவடிக்கை என்று உத்தரவாயிற்று. அதற்கு ஒரு மாதம் முன் அதே நீதிமன்றத்தில் வந்த ஜக்கோ வழக்குத் தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உமாதேவியைக் காட்டி நீண்ட நாள் ஊழியரைத் துரத்தக் கூடாது என்று இரண்டும் சொல்கின்றன. நம் பக்கத்து மனுக்களில் இவற்றை இன்னும் போதிய அளவு பார்க்க முடியவில்லை.

*

2023 ஏப்ரல் 13 முதல் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் போய், 1998-இல் இயற்றி நிறுத்தி வைத்திருந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் ஒரே விதித்தொகுப்பு. தனித்தனியாக இருந்த பட்டியல்கள் ஒன்றாகும்போது பேரூராட்சியில் 1999-இல் சேர்ந்தவர் நகராட்சியில் 2001-இல் சேர்ந்தவருக்கு மேலே வருவாரா கீழே வருவாரா? பதவிப் பெயர் ஒன்றாகவும் ஊதிய நிலை வேறாகவும் இருந்தால்? அடுத்த பத்தாண்டு வழக்குகள் இங்கிருந்துதான் கிளம்பும். வரைவுப் பட்டியலை ஒவ்வொரு ஊழியர் கையிலும் தமிழில் கொடுத்து, ஆட்சேபணைக்கு நியாயமான அவகாசம் தந்து, ஆட்சேபணைக்கு எழுத்தில் பதில் சொன்ன பிறகு இறுதி செய்தால் பெரும்பகுதி வழக்கு வராது. அலுவலகப் பலகையில் ஒட்டினோம் என்பது போதாது. விடிகாலை ஆறு மணிக்கு வார்டில் நிற்பவர் எந்நேரம் பலகையைப் பார்ப்பார்?

*

யார் கேட்டாலும் முதலில் சொல்ல வேண்டியது: தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் வரவேண்டும். கேட்க வேண்டியவை: தன் எஸ்.ஆரின் முழு நகல், முறைப்படுத்திய உத்தரவின் நகல், தன் பதவிக்கான நடப்பு முதுநிலைப் பட்டியல், அது வெளியிடப்பட்ட தேதி, வேலை செய்த ஆண்டுகளின் மஸ்டர் ரோல். மஸ்டர் ரோல் இல்லை என்றால் எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில் கழிக்கப்பட்டது என்பதையும் எழுதிக் கேட்க வேண்டும். வக்கீலைப் பார்ப்பது அதற்குப் பிறகு.