‘ஆமா’ போட ஆள் வேணும்!

வில்லுப்பாட்டில் கதை சொல்பவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்பார். அந்த ஒரு சொல் விழாவிட்டால் கதை நகராது. குமரி மாவட்டக் கோயில் கொடைகளில் விடிய விடியக் கேட்ட இந்த ‘ஆமா’வில்தான், பெரியவர்களையும் இளசுகளையும் ஒன்றாக உட்காரவைக்கும் வித்தை இருக்கிறது.

நடுவில் வீசுகோலுடன் மூத்த கலைஞர். சுற்றிலும் குடம், உடுக்கை, தாளம், கட்டை. வயது வித்தியாசம் பார்க்காத மேடை அது. பெரியவர் பாட, சின்னவர் பின்பாட்டுப் பாட, கேட்டுக் கேட்டே கதை மனசில் ஏறிவிடும். தனியாக நோட்டு, புத்தகம் எதுவும் வேண்டாம்.

நாடகக் கம்பெனிகளும் இப்படித்தான். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பாலர் சபையில் டி.கே.சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. வாத்தியாரோ ஐம்பதைத் தாண்டியவர். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் கிழவி வேடம் கட்டி ‘ஔவை’ சண்முகம் ஆனார். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவர். வில்லுப்பாட்டைக் கொடைப் பந்தலுக்கு வெளியேயும் கொண்டுபோனவர்.

அந்தச் சங்கிலி இப்போது பல இடங்களில் அறுந்துவருகிறது. பத்து வயதில் பாட வந்து, ஆண்கள் நிறைந்த மேடைகளில் வீசுகோல் பிடித்தவர் கொட்டாரம் பூங்கனி அம்மா. கடைசிக் காலத்தில் வறுமையோடு வாழ்ந்து, 2018 நவம்பரில் மறைந்தார். அவரோடு எத்தனை கதைகள் போயின என்று எண்ணிச் சொல்ல ஆள் இல்லை.

கலைஞர்களிடம் மட்டும்தான் கதை இருக்கிறதா என்ன? லண்டனில் 1983-ல் பாம் ஷ்வைட்சர் என்பவர் ‘ஏஜ் எக்ஸ்சேஞ்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதியவர்களின் நினைவுகளைக் கேட்டு, அவற்றையே நாடகமாக்கி, அவர்கள் முன்னாலேயே நடித்துக்காட்டினார்கள். மேடை ஏறியது ராஜா ராணி கதை அல்ல. பக்கத்து வீட்டுப் பாட்டியின் கதை.

நாஞ்சில் நாட்டில் அப்படிப்பட்ட கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1956 நவம்பர் 1-ல் குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்ததைப் பத்து வயதில் பார்த்தவருக்கு இன்று வயது எண்பதைத் தொடுகிறது. 2004 சுனாமி குளச்சல் கரையில் ஏறியபோது பிறக்காத பிள்ளைகள் இன்று கல்லூரி போகிறார்கள். ஒருவரிடம் கதை இருக்கிறது. இன்னொருவரிடம் ஓடியாடி நடிக்க உடம்பு இருக்கிறது. நடுவில் ஒரு பயிற்சிப் பட்டறை போதும்.

பெரிய செலவும் இல்லை. ஊர் நூலகமோ பள்ளிக்கூட ஹாலோ, முதுகு சாய நாற்காலிகள், பகல் நேரம். முதலில் பெரியவர் பத்து நிமிடம் பேச, மற்றவர்கள் செல்போனை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். பிறகு கேட்டதை நடித்துக்காட்ட வேண்டும். “அப்படி இல்ல மக்ளே, படகை இப்படித்தான் தள்ளுவோம்” என்று அவர் எழுந்து வந்து திருத்துகிற நிமிடத்தில், பார்வையாளராக வந்தவர் நடிகராகிவிடுவார். அடுத்து வேடத்தை மாற்றலாம். பேரன் தாத்தாவாக, தாத்தா பேரனாக. பேரன் கையில் இருக்கும் செல்போனைத் தாத்தா நடித்துக்காட்டும்போது சிரிப்புக்குக் குறைவிருக்காது.

தயக்கம் இரண்டு பக்கமும் இருக்கும். “எனக்கு என்னத்தத் தெரியும் மக்ளே” என்பார் பாட்டி. “நேரமில்லை” என்பான் பேரன். அதை வீட்டிலிருந்தே உடைக்கலாம். அடுத்த முறை ஆச்சி ‘அந்தக் காலத்துல’ என்று ஆரம்பித்தால், போனை வைத்துவிட்டு ஒரே ஒரு ‘ஆமா’ போட்டுப் பாருங்கள். மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார்.