உரக்குழிக்குப் போகும் பூக்கள்

ஒஹாயோவில் எங்கள் ஊர் டேலிலி சங்கம் நூலகத்தின் பின்னறையில் கூடுகிறது. பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். முழங்கால் வலிப் பேச்சு முடிந்த பிறகுதான் பூப்பேச்சு.

டேலிலியில் ஒரு பூவுக்கு ஆயுள் ஒரு பகல். மறுநாள் அதே தண்டில் அடுத்த மொட்டு விரியும். அதனால் மொட்டு எண்ணிக்கைதான் இங்கே பெரிய பேச்சு.

கலப்பு வேலை எளிது. காலையில் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின் சூல்முடியில் தடவி, காம்பில் சீட்டுக் கட்ட வேண்டும். தாய்ச்செடியின் பெயர் முதலில், பெருக்கல் குறி, பிறகு தகப்பன். முன்னே பூப்பதைப் பின்னே பூப்பதோடு சேர்க்க மகரந்தத்தை உறைய வைக்கிறார்கள். ஒருவர் வீட்டு ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். மனைவி ஒன்றும் சொல்லமாட்டாரா என்றேன். "மகரந்தமே அவளுடையதுதான்."

விதை மிளகு போலக் கறுப்பு. முளைத்துப் பூக்க இரண்டு மூன்று வருடம்.

சாலையோர ஆரஞ்சு டேலிலி விதை வைக்காது, 33 குரோமோசோம். மற்றவற்றில் 22 உண்டு, 44 உண்டு. இந்த இரண்டு சாதிக்கும் சம்பந்தம் ஒத்துவராது. 22ஐ 44 ஆக்கியது கோல்சிசின் என்ற நஞ்சு. நம் செங்காந்தளிலும் அதுதான். தமிழ்நாட்டில் மூலனூர்ப் பக்கம் அதைக் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுகிறார்கள். சங்கத்தில் போனில் படம் காட்டினேன். அப்புறம் வெகுநேரம் டேலிலியை யாரும் நினைக்கவில்லை.

நியூயார்க் தாவரவியல் பூங்காவின் ஆர்லோ ஸ்டவுட் 1934இல் டேலிலிக்கென்றே புத்தகம் எழுதினார். இத்துறையின் உயர்ந்த பதக்கம் அவர் பெயரில். பதிவான ரகங்கள் இன்று லட்சத்துக்கு மேல், ஆனால் நல்ல நீலம் ஒன்றுகூட இல்லை. இவர்கள் நீலம் என்று காட்டுவதெல்லாம் என் கண்ணுக்கு ஊதா.

சங்கத்து அம்மாள் ஒருவரின் தோட்டம். முதல்முறை பூத்திருந்த மஞ்சள் நாற்றை மண்வெட்டியால் பெயர்த்து உரக்குழியில் போட்டார். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. "இது மாதிரி ஏற்கெனவே ஆயிரம் இருக்கிறது" என்றார். தண்டு குட்டை, கிளை இல்லை, இதழ் சரியாக விரியவில்லை, எதற்கும் மன்னிப்பில்லை. நூறில் ஒன்றிரண்டு தப்பினால் அதிகம். மகரந்தம் தடவ எனக்கும் வரும். இந்த வெட்டு வராது.

கடைசியில் சங்கத்தின் செடி ஏலம். 1985இல் ஸ்டவுட் பதக்கம் வாங்கிய 'ஸ்டெல்லா டி ஓரோ'வை யாரும் கொண்டுவருவதில்லை. அது கார் நிறுத்துமிடமெல்லாம் பூத்துக் கிடக்கிறது. ஏலம் விடுபவர் முதலிலேயே எச்சரித்துவிட்டார்: டேலிலியைக் கடித்த பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். இருவர் கையை இறக்கினார்கள்.