பல்லில் பதித்த பார்வை

கண்ணில் தூசி விழுந்தால் ஒரு கணமும் பொறுக்கமாட்டோம். அவ்வாறிருக்க, கருவிழியில் துளையிட்டுப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தினால் கண் அதனை ஏற்குமோ? இவ்வையம் நமக்கு நெடுநாளாக இருந்தது. கேட்டும் படித்தும் தெளிந்ததை அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்ணுக்குள் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்தன. கண் அவற்றைப் பெரிதும் எதிர்க்கவில்லை. இதனைக் கவனித்த லண்டன் டாக்டர் ஹெரால்டு ரிட்லி, 1949-ஆம் ஆண்டில் பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்றைக் கண்ணுள் வைத்தார். இன்று கண்புரைக்கு வைக்கப்படும் லென்ஸ் அதன் வழிவந்ததே. ஆயினும், அது கண்ணுக்குள் அடங்கிக் கிடப்பது. கருவிழியில் பொருத்துவதோ வெளிக்காற்றையும் தொட்டு நிற்பது. திசு அதனைச் சுற்றி வளருமேயன்றி அதனோடு ஒன்றிவிடுவதில்லை. சுவரோடு பொருந்தாத சன்னற் சட்டம்போல் இடுக்கு விழுமாயின், கிருமி புகும், உள்நீர் கசியும், கருவியே கழன்று விழவும் கூடும்.

1963-இல் ரோம் நகர டாக்டர் ஸ்ட்ராம்பெல்லி ஓர் உபாயம் கண்டார். நோயாளியின் பல்லையே வேரோடும் எலும்போடும் எடுத்துத் தகடாகச் செதுக்கி, அதில் துளையிட்டுப் பிளாஸ்டிக் குழாயைப் பதிப்பது அம்முறை. அத்தகட்டைச் சில மாதங்கள் தோலுக்கடியில் வைத்து, இரத்தவோட்டமுள்ள சதை சூழ்ந்தபின் கண்ணில் அமைப்பர். வாயின் உட்சவ்வு கண்ணுக்குப் போர்வையாகிறது. திசு தன் சொந்த எலும்பைப் பற்றிக்கொள்கிறது. எலும்பு பிளாஸ்டிக்கைத் தாங்குகிறது. சென்னை சங்கர நேத்ராலயாவில் இச்சிகிச்சை நடைபெற்றுள்ளது. கண்ணீர் வற்றி, தானமாகப் பெற்ற கருவிழியும் நிலைக்காத கண்களுக்கே இது உரியது.

அத்தகைய கேட்டைச் செய்யும் பொருள்களுள் ஒன்று நம் வீட்டிலேயே உள்ளது. அதுவே சுண்ணாம்பு! மைசூர் வெற்றிலையின் சுவை அறிந்த நமக்கு அது அன்றாடப் பொருள். குழந்தைகள் சுண்ணாம்புப் பொட்டலத்தை அமுக்கி விளையாட, அது வெடித்துக் கண்ணில் தெறிப்பதுண்டு. பல்லைக்கொண்டு செய்யும் சிகிச்சையோ சிறு பிள்ளைகளுக்குப் பொதுவாகச் செய்யப்படுவதில்லை என்பதை நினைக்க நெஞ்சு நடுங்குகிறது.

ஆதலின், தாய்மார்களே, சுண்ணாம்பை எட்டாத உயரத்தில் வையுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் கசக்க விடாதீர்கள். அக்கணமே தூய நீரை இடைவிடாது நெடுநேரம் ஊற்றிக் கழுவி, தாமதமின்றிக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். விஞ்ஞானம் பல்லிலிருந்தும் பார்வை தரலாம். பிறவியில் பெற்ற கருவிழிக்கு அது ஈடாகாது.